செருப்பில்லாம மூணு நாள், காஞ்ச ரொட்டி, கடுங்காப்பி: லாக் டெர்க் தீவு ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், ரிசார்ட் ரிவியூனு நெனச்சு உள்ள வந்தவங்க அப்படியே திரும்பிடலாம். இது காசு குடுத்து பட்டினி கெடக்குற எடம். காசு குடுத்து செருப்ப கழட்டி வச்சு, காசு குடுத்து ராத்திரி பூரா கொட்ட கொட்ட முழிச்சிருந்து, மூணாம் நாள் காலைல பாதம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கி வெளிய வர்ற எடம். இதுக்கு நான் அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். அந்த அரை எங்க போச்சுன்னு பின்னாடி வரும்.

எடம் அயர்லாந்துல டொனிகால் கவுண்டி. பெட்டிகோன்னு ஒரு குட்டி ஊரு, அதுக்கு நடுவுல ஓடுற ஆறு தான் பார்டரே, இந்தக் கரை அயர்லாந்து, அந்தக் கரை வட அயர்லாந்து. அங்கருந்து ஒரு ஆறேழு கிலோமீட்டர் உள்ள போனா ரோடு ஏரிக்கரைல முடிஞ்சிடும், அதுக்கு மேல படகு. மேப்ல வெறும் லாக் டெர்க்னு போட்டுடாதீங்க, ஷானன் ஆத்துல அதே பேர்ல பெரிய ஏரி ஒண்ணு இருக்கு, கிளேர், டிப்பரரி பக்கம். அது எங்கயோ, இது எங்கயோ. பெட்டிகோன்னு போட்டு போங்க.

தீவோட பேரு ஸ்டேஷன் ஐலண்ட், ஆனா பழைய பேரு தான் கெத்து: அயர்லாந்தோட காவல் புனிதர் செயின்ட் பேட்ரிக்கோட உத்தரிக்கிற ஸ்தலம். கிறிஸ்தவங்க இல்லாதவங்களுக்காக சொல்றேன், உத்தரிக்கிற ஸ்தலம்னா சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவுல, செத்த ஆத்துமா மிச்சமிருக்குற பாவக்கடன வேதனப்பட்டு தீக்குற எடம். அதுக்கு பூமிலயே ஒரு வாசல் இருக்கு, அது அயர்லாந்துல ஒரு ஏரிக்கு நடுவுல இருக்குன்னு நூத்துக்கணக்கான வருஷமா ஐரோப்பாவே நம்பிச்சு.

நான் போனதுக்கு காரணம் பக்தியெல்லாம் இல்ல, கூட வேல பாக்குற அக்கா. நான் நர்ஸ், டப்ளின்ல. திருச்சில ஞாயித்துக்கிழம பூசைக்கு அம்மா அடிச்சு எழுப்பி கூட்டிட்டு போற வரைக்கும் தான் என் கத்தோலிக்க வாழ்க்க, இங்க வந்து கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் போனா பெருசு. அக்கா டொனிகால்ல க்வீடோர் பக்கம், அங்க இன்னும் வீட்டுல ஐரிஷ் பேசுறவங்க. வருஷா வருஷம் ஜூலைல மூணு நாள் லீவு போட்டு எங்கயோ போயிட்டு கால் வீங்கி வருவாங்க, கேட்டா சிரிப்பாங்க. இந்த வருஷம் நானும் வரேன்னு சொல்லித் தொலச்சேன். நைட் டியூட்டி பாத்த நமக்கு ஒரு ராத்திரி முழிச்சிருக்குறதெல்லாம் ஜுஜுபின்னு நெனப்பு வேற.

சரி, ரூல்ஸ். மூணு நாள் யாத்திரை ஜூன் தொடக்கத்துல இருந்து ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு திருநாள் வரைக்கும் தான் நடக்கும். பதினஞ்சு வயசு ஆகியிருக்கணும், யார் துணையும் இல்லாம நடக்கவும் முழங்கால் போடவும் முடியணும். மொத நாளுக்கு முந்தின ராத்திரி 12 மணில இருந்தே சாப்பாடு கட். போனும் கேமராவும் தீவுக்குள்ள எடுத்துட்டு போகக் கூடாது. மத்தியானம் 3 மணிக்குள்ள போய் சேந்துடணும், சேந்த ஒடனே செருப்பு, ஷூ, சாக்ஸ் எல்லாம் கழட்டிடணும், அவ்ளோ தான், மூணாம் நாள் கெளம்புற வரைக்கும் வெறுங்கால். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை, வெண்ணெய் தடவாத டோஸ்ட், ஓட்ஸ்ல செஞ்ச வரட்டு பிஸ்கட் மாதிரி ஒண்ணு, பால் இல்லாத டீயோ காப்பியோ. சக்கர போட்டுக்கலாம், அத நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குது, அந்த சக்கர இல்லன்னா நான் நீந்தியே கரைக்கு போயிருப்பேன்.

படகுல போறப்போ பாத்தா தீவே தெரியல, தண்ணி மேல கட்டடம் மெதக்குற மாதிரி இருக்கு. எட்டுப் பட்டை வச்ச பெரிய கோவில், பச்ச கூரை, பக்கத்துல பொம்பளைங்களுக்கு ஒண்ணு ஆம்பளைங்களுக்கு ஒண்ணுன்னு தங்குற கட்டடம், அவ்ளோ தான், மரம்னு சொல்ல நாலு. இந்த பசிலிக்கா 1931ல அர்ச்சிப்பு ஆனது. உள்ள ஹாரி கிளார்க்கோட கலர் கண்ணாடி ஜன்னல் பதினாலு இருக்கு, அயர்லாந்துல கண்ணாடி வேலைக்கு அவர மிஞ்ச ஆளில்ல. சிலுவைப்பாதை பதினாலு ஸ்தலத்தையும், அதாவது ஏசு சிலுவை சுமந்து போன கதையோட பதினாலு காட்சியையும், நேரடியா வரையாம, அப்போஸ்தலர்கள், மாதா, இவங்க ஒவ்வொருத்தரும் கைல ஒரு ஸ்தலத்த சின்ன படமா புடிச்சிட்டு நிக்குற மாதிரி பண்ணிருக்காரு. பகல்ல பாத்தப்போ அழகா இருக்கேன்னு நகந்துட்டேன். விடியக்காத்தால பாத்தது வேற கத, அதுக்கு வரேன்.

இங்க வேலையே ‘ஸ்டேஷன்’ பண்றது தான். மூணு நாளைக்கு மொத்தம் ஒம்போது. ஒரு ஸ்டேஷன்னா: மொதல்ல கோவிலுக்குள்ள நற்கருணை (பூசைல அர்ச்சிச்ச அப்பம்) முன்னாடி செபம், அப்புறம் வெளிய பேட்ரிக் சிலுவைகிட்ட முழங்கால் போட்டு செபம், முத்தம். அடுத்து கோவில் செவுத்துல இருக்குற பிரிஜித் சிலுவைக்கு முதுக காட்டி நின்னு, ரெண்டு கையையும் சிலுவையில அறஞ்ச மாதிரி விரிச்சு, உலகம், உடல், பிசாசு மூணையும் விட்டுட்டேன்னு மூணு தரம் சத்தமா சொல்லணும். அப்புறம் கோவில நாலு சுத்து, வாய்க்குள்ளயே செபமால. அதுக்கப்புறம் தான் மெயின் ஐட்டம், ‘பெட்’. கட்டில்னு நெனச்சு சந்தோஷப்பட்டுடாதீங்க, நான் பட்டேன். பழைய காலத்து துறவிங்க தங்குன கல்லு குடிசைங்களோட மிச்சம் அது, வட்ட வட்டமா முழங்கால் உயரத்துக்கு கல்லு, நடுவுல ஒரு சிலுவை. பிரிஜித், பிரெண்டன், கேத்தரின், கொலம்பா, பேட்ரிக், அப்புறம் டேவோக்கும் மொலாஷும் சேந்து ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் வெளிய மூணு சுத்து, வாசல்ல முழங்கால், உள்ள மூணு சுத்து, நடு சிலுவைகிட்ட முழங்கால், ஒவ்வொரு கட்டத்துக்கும் மூணு பரலோக மந்திரம், மூணு அருள்நிறைந்த மரியே, ஒரு விசுவாசப் பிரமாணம். கடைசியா தண்ணி ஓரத்துல நின்னும் முழங்கால் போட்டும் செபம். ஒரு ஸ்டேஷன் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த கல்லு இருக்கே, ஆறு வழுவழுப்பாக்குன கூழாங்கல்லு இல்ல, நட்டுக்கிட்டு நிக்கிற பாறை, மழைல வழுக்கும், நான் போன அன்னைக்கு மழை பெய்யாம இருந்துச்சானு கேக்காதீங்க.

பிரிஜித் பெட்ட மொத சுத்து சுத்துறப்போ நான் பாட்டுக்கு இடது பக்கமா திரும்பிட்டேன். அக்கா என் தோள புடிச்சு திருப்பி விட்டாங்க, வலது கை பக்கமா தான் போகணும்னு. நம்ம ஊர்ல கோவில் பிரகாரம் சுத்துற மாதிரியேன்னு சொன்னேன். அதுக்கு ஐரிஷ்ல ‘ஜெஷல்’னு ஒரு வார்த்த இருக்காம், சூரியன் போற போக்குல வலமா சுத்துறது. அதுல இருக்குற ‘ஜாஸ்’னா வலதுன்னும் அர்த்தம், தெற்குன்னும் அர்த்தம், ஏன்னா கெழக்க பாத்து நின்னா வலது கை பக்கம் தெற்கு. எனக்கு அப்படியே நின்னு போச்சு. பிரதட்சணம்னு சொல்றோமே, அதுக்குள்ள இருக்குற சம்ஸ்கிருத தட்சிணத்துக்கும் இதே ரெண்டு அர்த்தம், வலதும் தெற்கும், தட்சிண பாரதம்னு சொல்றது அதனால தான. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், ரெண்டும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேர்ல இருந்து கெளச்ச சொல்லு. திருச்சிக்காரி, மலைக்கோட்டை அடிவாரத்துல வளந்தவ, ஒரு ஐரிஷ் ஏரிக்கு நடுவுல வெறுங்கால்ல நின்னுட்டு பிரதட்சணத்த பத்தி கத்துக்குறேன் பாருங்க. இடமா சுத்துனா என்னாகும்னு கேட்டேன். அது சாபம் விடுறதுக்குன்னாங்க. ஸ்லைகோ பக்கம் இனிஷ்மர்ரினு ஒரு தீவுல அதுக்குன்னே கல்லு வச்சிருந்தாங்களாம், எதிர்ப்பக்கமா திருப்பி விட்டு எதிரிய சபிக்கிறதுக்கு.

இந்த மாதிரி விஷயம் தான் எனக்கு இந்த எடத்துல புடிச்சதே. மேல கத்தோலிக்கம், அதுக்கு கீழ இன்னொண்ணு, அதுக்கும் கீழ இன்னொண்ணு. ஏரியோட பேரயே எடுத்துக்கோங்க, ‘ஜாரக்’னா சிவப்பு. ஏன் சிவப்புன்னு கேட்டா, கோரனாக்னு ஒரு ராட்சச பாம்பு, பேய்ங்களுக்கெல்லாம் தாய், இந்த ஏரில கெடந்துச்சு, அத வெட்டுனப்போ ரத்தம் கலந்து தண்ணி செவந்துச்சுன்னு கத. வெட்டுனது யாருன்னு கேட்டா ஒரு கதைல ஃபின் மெக்கூல்ங்கிற பழங்கத வீரனோட கூட்டத்துல இருந்த கோனன், இன்னொரு கதைல நம்ம பேட்ரிக். பழைய வீரனோட வேலைய புனிதர் பேருக்கு மாத்தி எழுதிட்டாங்க, பட்டா மாறுன மாதிரி. இன்னும் சிலர் அதெல்லாம் இல்ல, குகைங்கிறதுக்கு இருந்த பழைய சொல்லு தான் பேரா நின்னுடுச்சுங்கிறாங்க.

பேட்ரிக் அயர்லாந்துல இருந்த பாம்பையெல்லாம் வெரட்டுனாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஐஸ் ஏஜ் முடிஞ்சப்புறம் இந்த தீவுக்கு பாம்பு வந்து சேரவே இல்ல, இல்லாத பாம்ப வெரட்டுறது ஈஸி தான. அவரே கைப்பட எழுதுனதுன்னு இருக்குறது ரெண்டே ரெண்டு, ஒரு வாக்குமூலம், ஒரு கடிதம், ரெண்டும் லத்தீன், அஞ்சாம் நூற்றாண்டு. அதுல பாம்பும் இல்ல, இந்தத் தீவும் இல்ல. ஆனா சின்ன வயசுல அடிமையா புடிச்சிட்டு வந்து ஆடு மேய்க்க விட்டப்போ பனிலயும் மழைலயும் பகலுக்கு நூறு செபம், ராத்திரிக்கும் கிட்டத்தட்ட அவ்ளோ செபம் பண்ணுனேன்னு எழுதிருக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரக் கால வச்சுட்டு அத நெனச்சா ஆளு மேல ஒரு மரியாத வருது.

குகைக்கு வரேன், மொதல்ல சொன்னேனே உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வாசல்னு, அது இந்தத் தீவுல இருந்த இந்த குகை தான். 12ம் நூற்றாண்டுல இங்கிலாந்து துறவி ஒருத்தர் லத்தீன்ல ஒரு கத எழுதுனாரு, ஓவெய்ன்னு ஒரு போர்வீரன் இந்த குகைக்குள்ள போயி, பேய்ங்க ஒவ்வொரு சித்திரவதையா காட்ட, தாண்டித் தாண்டி சொர்க்கத்தோட வாசல் வரைக்கும் பாத்துட்டு திரும்பி வந்தான்னு. அந்த கத அந்தக் காலத்து வைரல். ஐரோப்பா பூரா மொழிபெயர்த்தாங்க, ஹங்கேரில இருந்து, இத்தாலில இருந்தெல்லாம் ஆளுங்க கெளம்பி வந்தாங்க. அப்போ பேக்கேஜ் இப்ப மாதிரி மூணு நாள் இல்ல, பக்கத்து தீவு மடத்துல 15 நாள் விரதம், அப்புறம் குகைக்குள்ள விட்டு கதவ பூட்டிடுவாங்க, 24 மணி நேரம். மறுநாள் தொறக்குறப்போ ஆளு நின்னா சரி, செத்தப்புறம் உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது. ஆளக் காணோம்னா, போச்சு. 1397ல ரமோன் டெ பெரெயோஸ்னு காட்டலன் பிரபு ஒருத்தர் வந்திருக்காரு, எதுக்குன்னா, செத்துப் போன தன்னோட ராஜா எங்க இருக்காருன்னு தெரிஞ்சுக்க. உள்ள போயி பாத்துட்டேன், உத்தரிக்கிற ஸ்தலத்துல தான் இருக்காருன்னு எழுதி வச்சுட்டும் போயிருக்காரு. சொர்க்கம்னு எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க, நரகம்னு எழுதியிருந்தா தலை போயிருக்கும், விவரமான ஆளு.

இந்த எடத்துக்கு மொத ஒன் ஸ்டார் குடுத்தது டச்சு துறவி ஒருத்தர், 1490கள்ல. உள்ள விடுறதுக்கு ஆளாளுக்கு காசு கேட்டாங்கன்னு அவருக்கு கடுப்பு, சண்ட போட்டு உள்ள போனா பேயும் வரல ஒண்ணும் வரல, ராத்திரி பூரா குளுருல ஒக்காந்தது தான் மிச்சம். மனுசன் விடல, நேரா ரோம்ல போயி கம்ப்ளைன்ட். 1497ல போப் ஆறாம் அலெக்சாண்டர் குகைய மூட உத்தரவு போட்டாரு. மூடுனாங்க, திரும்ப தொறந்துட்டாங்க. 1632ல இங்கிலீஷ் ஆட்சி ஆளனுப்பி இடிச்சுது. ஜனங்க திரும்ப வந்தாங்க. 1704ல சட்டமே போட்டாங்க, இந்த எடத்த பேர் சொல்லி, இங்க வந்தா பத்து ஷில்லிங் அபராதம், கட்ட வக்கில்லன்னா பொது எடத்துல சவுக்கடி. அதுக்கும் வந்தாங்க. 1780ல குகைய மொத்தமா மூடி, அதுக்கு பதிலா ஒரு சின்ன கோவில கட்டுனாங்க, ராத்திரி விழிப்பு அதுக்குள்ளன்னு ஆச்சு. அந்த கோவிலுக்கு ஜனங்க வச்ச பேரு ‘ஜெயில்’. இத்தனையும் தாண்டி யாத்திரைய சுத்தமா நிப்பாட்டுனது எதுன்னா 2020லயும் 2021லயும் கொரோனா.

ஒரு ஆள பத்தி சொல்லாம போக முடியல. இந்த ஏரியாவுல கோவில் நெலத்துக்கு பரம்பர காவலாளிங்க மெக்ராத் குடும்பம், பெட்டிகோ பக்கத்துல அவங்க கோட்ட இடிஞ்சு நிக்குது இன்னும். அந்த குடும்பத்துல மைலர் மெக்ராத்னு ஒருத்தர், மொதல்ல பிரான்சிஸ்கன் துறவி, 1565ல போப் அவர ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு பிஷப் ஆக்குறாரு. அப்புறம் எலிசபெத் ராணி பக்கம் தாவி 1571ல காஷெல்ல புராட்டஸ்டன்ட் ஆர்ச்பிஷப். இங்க சேந்தாரு, ஆனா அங்க ராஜினாமா குடுக்கல. 1580ல ரோம் தூக்குற வரைக்கும் ஒம்போது வருஷம் ரெண்டு பக்கமும் பிஷப். நம்ம ஊரு அரசியல்வாதிங்கள்லாம் இவரு கால்ல விழணும். 1622 வரைக்கும், கிட்டத்தட்ட நூறு வயசு இருந்துட்டு தான் போனாரு.

இப்போ ராத்திரிக்கு வரேன், இந்த ‘சர்வீஸோட’ உயிரே அது தான். வெளிய மூணு ஸ்டேஷன் முடிச்சு, சாயங்கால பூசை, ராத்திரி செபம், நற்கருணை ஆசீர் எல்லாம் ஆனப்புறம் விழிப்பு ஆரம்பிக்குது. நாலு ஸ்டேஷன் கோவிலுக்குள்ளயே எல்லாரும் சேந்து சத்தமா செபம் சொல்லி பண்ணணும். முழங்கால் போடுறாங்க, எழுந்திரிக்குறாங்க, நடுவுல சுத்துறாங்க, எந்த பெட்ல எந்த செபமோ அத மனசுல நெனச்சுக்கிட்டு. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி, வெளிய போயி காத்து வாங்கலாம், ஹீட்டர் போட்ட ரூம்ல ஒக்காரலாம்.

12 மணிக்கு நான் ஃபுல் ஃபார்ம். 2 மணிக்கும் ஓகே. நைட் டியூட்டிக்காரி டீ. 3 மணிக்கு தான் புரிஞ்சுது, டியூட்டில நம்மள முழிக்க வைக்கிறது பேஷன்ட் அடிக்கிற பெல்லு, இங்க அடிக்கிற பெல்லுக்கு எழுந்து போனா அதே அருள்நிறைந்த மரியே, அதே அருள்நிறைந்த மரியே. நின்னுக்கிட்டே தூங்கி முன்னாடி நிக்குற ஆள் முதுகுல முட்டிட்டேன். அவரு ஒரு அறுபது வயசு விவசாயி மாதிரி இருந்தாரு, திரும்பி கூட பாக்கல, லேசா நகந்து தோள குடுத்தாரு. தூங்கவிடாம பாத்துக்கிறது பக்கத்துல இருக்குறவங்க பொறுப்பாம், அது எழுதாத ரூல். நம்ம வார்டுல பேஷன்ட்ட தூங்க வைக்க படாத பாடு படுறோம், இங்க அக்கா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘எந்திரி பெட்’னு இடுப்புல ஒரு குத்து. பெட்னா இங்க கல்லு பெட் இல்ல, வடக்கு பக்கம் எல்லாரயும் செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாங்க.

நாலு மணிக்கு மேல அந்த கண்ணாடி ஜன்னல். ஜூலைல அங்க சீக்கிரம் விடிஞ்சிடும். கருப்பா கெடந்த ஜன்னல்ல மொதல்ல நீலம் வந்துச்சு, அந்த நீலத்த நான் எங்கயும் பாத்ததில்ல, அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு செவப்பு, பச்ச, அப்புறம் மொகம். தூக்கமில்லாத கண்ணு, காலி வயிறு, ஈர டிரெஸ்ஸு, அந்த நேரத்துல அது எனக்கு தான் தெரியுதா எல்லாருக்கும் தெரியுதானு டவுட். ஓவெய்ன் குகைக்குள்ள என்னத்த பாத்தான்னு இனிமே நான் கிண்டல் பண்ண மாட்டேன். 15 நாள் பட்டினி போட்டு இருட்டுக்குள்ள பூட்டுனா யாருக்கும் எதாவது தெரியும்.

ரெண்டாம் நாள் பூரா சும்மா இருக்குறது தான் கஷ்டம். காலைல பாவசங்கீர்த்தனம் (சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்குறது), எட்டாவது ஸ்டேஷன், மத்தியானம் சிலுவைப்பாதை, ராத்திரி பத்து மணி வாக்குல தான் படுக்க விடுவாங்க. நடுவுல பெஞ்சுல ஒக்காந்து எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசுறாங்க, போன் இல்ல பாருங்க. இங்க தான் ‘லாக் டெர்க் சூப்’ அறிமுகம் ஆச்சு. ரெசிபி: சுடுதண்ணி, உப்பு, மிளகுத்தூள். முடிஞ்சுது. சிரிக்காதீங்க, ரசத்துல இருந்து புளி, தக்காளி, பருப்பு, பூண்டு, தாளிப்பு எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குமோ அது தான், ஆனா அந்த குளுருக்கு ரெண்டு கப்பு அடிச்சேன்.

அக்காகிட்ட ஐரிஷ் கத்துக்கிட்டதும் அன்னைக்கு தான். ஐரிஷ்ல வணக்கம் சொல்லணும்னா ‘ஜீயா டிச்’, கடவுள் உனக்குன்னு அர்த்தம். பதிலுக்கு சும்மா திருப்பி சொல்லக் கூடாது, ஒரு ஆள ஏத்தி ‘ஜீயா ஸ் முயிர டிச்’, கடவுளும் மாதாவும் உனக்கு. இன்னும் ஒருத்தர் சேந்தா பேட்ரிக்கையும் ஏத்திக்கலாம். இந்த முயிரங்கிற பேரு மாதாவுக்கு மட்டும் தான், பொண்ணுங்களுக்கு மேரினு வைக்கணும்னா மாய்ர. ஒரே பேரு தான், ஆனா எழுத்த மாத்தி மாதாவுக்குன்னு ஒண்ண தனியா எடுத்து வச்சிட்டாங்க, சாமி விளக்க தனியா வைக்கிற மாதிரி. நம்மாளுங்க வீட்டுக்கு மூணு மேரி.

அதவிட கெழம பேரு. புதன் ‘கேடீன்’, மொத விரதம். வெள்ளி ‘ஈனெ’, விரதம், அவ்ளோ தான், வெறும் விரதம். நடுவுல வியாழன் ‘ஜேர்டீன்’, ரெண்டு விரதத்துக்கு நடுவுல இருக்குற நாள். பழைய காலத்து மடங்கள்ல புதனும் வெள்ளியும் ஒருவேள சாப்பாடு, அது காலண்டர்லயே ஏறிடுச்சு. திங்கள், செவ்வாய், சனிக்கு நம்மள மாதிரியே நிலாவும் கெரகமும் தான், நடு வாரத்துல மட்டும் கெரகத்த எறக்கி விட்டுட்டு பட்டினிய ஏத்திட்டாங்க. இன்னைக்கு கோவிலுக்கே போகாத ஒரு ஐரிஷ்காரன், வெள்ளிக்கெழம பப்புக்கு போலாம்னு ஐரிஷ்ல மெசேஜ் போட்டா, விரதத்தன்னைக்கு பப்புக்கு போலாம்னு தான் போடுறான்.

விரதம்னா இங்க அடக்கமா பாவத்துக்கு அழுவுறது மட்டும் இல்ல, அதுக்கு ஒரு சண்டைக்கார பக்கம் இருக்கு. பழைய ஐரிஷ் சட்டத்துல, பெரிய மனுசன் ஒருத்தன் உனக்கு குடுக்க வேண்டியத குடுக்கலன்னா அவன் வீட்டு வாசல்ல போயி பட்டினி ஒக்காரலாம். அத கண்டுக்காம உள்ள ஒக்காந்து சாப்பிட்டான்னா மானம் போச்சு, கடன் ஏறும். நம்ம பக்கம் தர்ணானு ஒக்காருவாங்களே, அச்சு அசல் அதே. பேட்ரிக் கதைல இது உச்சத்துக்கே போவுது: ஒரு மல மேல ஏறி நாப்பது நாள் கடவுளுக்கு எதிராவே பட்டினி ஒக்காந்து, தேவதூதர் வந்து வந்து பேரம் பேச, இது பத்தாது அது பத்தாதுன்னு எறங்காம இருந்து, உலகத்தோட கடைசி நாள்ல ஐரிஷ் ஜனங்களுக்கு தீர்ப்பு சொல்றது நான் தான்ங்கிற வரைக்கும் வாங்கிட்டு தான் எறங்குனாராம். யூனியன் லீடர். இத அக்கா சொல்றப்போ நாங்க ரெண்டு பேரும் மெதுவா சுடுதண்ணி குடிச்சிட்டு, ரோஸ்டர் சரியில்லன்னா மேனேஜர் ரூம் வாசல்ல ஒக்காரலாமான்னு பேசிட்டு இருந்தோம்.

அந்த அரை மார்க்குக்கு வரேன். மிட்ஜ். கடுகுல கால்வாசி சைஸ்ல ஒரு பூச்சி, கூட்டமா வரும், காத்து நின்னா போதும். கைய விரிச்சு சிலுவை மாதிரி நிக்குறப்போ மூக்குல ஏறுச்சு, தட்டி விட முடியல, உலகம், உடல், பிசாசு மூணோட நாலாவதா அதையும் சேத்து விட்டுட்டேன். இத தீவு நடத்துறவங்க மேல போட முடியாது, தெரியும், ஆனா மார்க்க எங்கயாவது கழிக்கணும்ல. மழக்கோட்டுக்கு தனியா வயித்தெரிச்சல். டவுன்ல ஒரு கடைல நல்ல வெல குடுத்து வாங்குனேன், கட பேரு வேண்டாம், மொத ஸ்டேஷன்லயே தோள் தையல் வழியா தண்ணி எறங்கிடுச்சு.

யாரு போகலாம்? சுகர், பிரஷர், கர்ப்பம், கால்ல புண்ணு இருக்குறவங்க வேண்டவே வேண்டாம், நர்ஸா சொல்றேன். அவங்களுக்கும், சும்மா பாக்கணும்னு ஆசப்படுறவங்களுக்கும் ஒரு நாள் தியானம்னு சீசனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடத்துறாங்க, அதுல ஷூ போட்டுக்கலாம், சாப்பாடும் உண்டு, ஜன்னலும் அதே ஜன்னல் தான். மூணு நாள் போறவங்க நாலு ஜோடி டிரெஸ், அத்தனையும் கனமா, தொப்பி, பூச்சி மருந்து, சரியான மழக்கோட்டு எடுத்துக்கோங்க. முந்தின வாரமே வீட்டுல வெறுங்கால்ல நடந்து பழகுங்க, நம்மூர்ல வளந்த காலுன்னு திமிரா போகாதீங்க, பத்து வருஷம் சாக்ஸுக்குள்ள இருந்தா எல்லா காலும் ஒண்ணு தான். பக்தி இருக்கணுமான்னா, எனக்கு பக்கத்துல ஒரு பொண்ணு கடவுள் மேல நம்பிக்கயே இல்ல, அவங்க பாட்டி செத்த வருஷத்துல இருந்து பாட்டிக்கு பதிலா வரேன்னா. யாரும் யார்கிட்டயும் சர்டிபிகேட் கேக்கல.

மூணாம் நாள் காலைல ஒம்போதாவது ஸ்டேஷன முடிச்சு சாக்ஸ் போட்டேன் பாருங்க, அந்த சாக்ஸ பத்தியே தனி ரிவியூ எழுதலாம். ஆனா படகு கரைக்கு வந்துட்டா விரதம் முடிஞ்சுதுன்னு இல்ல, அன்னைக்கு ராத்திரி 12 வரைக்கும் உண்டு, அத யாரும் செக் பண்ண மாட்டாங்க. டப்ளின் வர்ற வழில ஒரு பெட்ரோல் பங்க்ல அக்கா எறங்கி, சிக்கன் ரோல் வாங்குற க்யூவ பாத்துட்டு, ஒரு பாட்டில் தண்ணி மட்டும் வாங்கிட்டு வந்தாங்க. நானும் கௌரவத்துக்கு வாய மூடிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிச்சு, தயிர் ஊத்தி பெசஞ்சு, மாவடு ரெண்டு எடுத்து வச்சுட்டு, மேசைல தட்டுக்கு முன்னாடி ஒக்காந்து மைக்ரோவேவ் கடிகாரத்த பாத்துட்டே இருந்தேன். 11:52க்கு அக்காகிட்ட இருந்து மெசேஜ்: ‘சாப்பிட்டியா பெட்?’ இன்னும் எட்டு நிமிஷம் இருக்குக்கான்னு அனுப்புனேன்.